உப்புப் பார்க்கும் பிள்ளைகள்

1

பரமக்குடியில் இருக்கும் என் அண்ணி வாரம் ஒருமுறை போன் செய்வார். பதினாறு வருஷமாக முதல் கேள்வி ஒன்றுதான்.

"புள்ளைக இன்னைக்கு என்ன சாப்புட்டுச்சுக?"

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் "நீ என்ன சாப்பிட்டே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் மாற்றம். மலேசியா என்றால் அண்ணிக்கு டி.வி.யில் வரும் இரட்டைக் கோபுரம்தான். நான் இருப்பது அங்கிருந்து வடக்கே பல மணி நேரம் தள்ளி, கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியில். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள் கொண்ட குடியிருப்பை இங்கே தாமான் என்பார்கள். எங்கள் தாமானில் உயரமாக நிற்பது கைப்பேசிக் கோபுரம் ஒன்றுதான். என் கணவர் பாடாங் மேஹா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இப்போது இந்த ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். மகள் தர்ஷினிக்குப் பதினான்கு வயது. மகன் கவிலேஷுக்குப் பத்து.

பிள்ளைகள் இரண்டு பேரும் தினமும் என்னோடு சேர்ந்து சமைக்கிறார்கள் என்று அண்ணியிடம் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறேன். அண்ணி அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். "வெளிநாட்டுல வளந்தும் எப்புடி வளத்திருக்கா பாரு" என்று அங்கே பேச்சாம். அந்தப் பெருமைக்குள் ஒரு பொய் இருந்தது. போன வாரம் என் அப்பாவுக்குப் படையல் போட்ட அன்று அது வெளியே வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

2

ஊரையே வீட்டுக்குள் பூட்டிப்போட்ட அந்தக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. நான்கு பேரும் படுத்தோம். நான்கு பேரும் எழுந்தோம். என் மூக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை.

முதலில் பாலில்தான் தெரிந்தது. அடுப்புக்கு முன்னாலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். பால் வற்றி, அடிப்பிடித்து, கருகிப் புகைந்திருக்கிறது. கூடத்திலிருந்து அவர் ஓடி வந்து அடுப்பை அணைத்தார்.

"என்ன செல்வி, நின்னுக்கிட்டே தூங்குறியா?"

ஆமாம் என்றேன்.

நாக்கும் அப்படியே. மிளகாயின் சூடு மட்டும் தெரிந்தது. உப்பும் புளிப்பும் இனிப்பும் அடுத்த வீட்டில் யாரோ பேசிக்கொள்வதைப் போல எங்கேயோ கேட்டன. கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். சின்ன வயது டாக்டர். சிலருக்கு வந்துவிடும், சிலருக்கு நாளாகும், சிலருக்கு வராமலே போகலாம் என்று மூன்று பதிலையும் ஒரே புன்னகையோடு சொல்லி, சத்து மாத்திரை கொடுத்தார்.

இதை ஏன் மறைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நான் இந்த நாட்டில் தங்குவதற்குக் கணவர் பேரில் கிடைக்கும் பாஸில் இருப்பவள். அதைப் புதுப்பிக்கும் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் 'சூரி ரூமா' என்று எழுதுவேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் என்று அர்த்தம். இங்கே எனக்கென்று கிடைத்த ஒரே பட்டம் பாடாங் மேஹாவில் என் நாத்தனார் கொடுத்தது. கல்யாணமாகி வந்த முதல் மாதம், என் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "ஊர்லேர்ந்து வந்தவ கை மணம் தனி லா" என்றார். மணம் போய்விட்டது என்று அந்த வீட்டில் போய் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அப்புறம் நான் அங்கே யார்?

அதனால் சொல்லவில்லை. என் பிறந்தநாளுக்கு அவர் ஒரு செண்டு வாங்கி வந்தார். மணிக்கட்டில் தெளித்து முகர்ந்து, "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் இரண்டு வருஷத்துக்கு மேல் மறைத்தேன். சோற்றையும் நானே வடித்தேன்.

3

ஒரு நாள் சாப்பாட்டின்போது அறிவித்தேன்.

"இனிமே ரெண்டு பேரும் சாயங்காலம் அடுப்படிக்கு வரணும். ஆம்பளப் புள்ள, பொம்பளப் புள்ளங்கிற பேச்சே கெடையாது."

அவருக்கு ரொம்பத் திருப்தி. "இதான் சரி. நாளைக்கு எங்க போனாலும் சமைச்சுத் திம்பாங்க" என்றார். கவிலேஷின் தமிழ்ப் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தின்போது ஆசிரியை என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். நின்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வேண்டியிருந்தது இரண்டு நாக்கு, இரண்டு மூக்கு. அதைப் பிள்ளை வளர்ப்பு என்று ஊர் நினைத்துக்கொண்டது.

தர்ஷினி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். கவிலேஷ் பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி நின்று கரண்டியோடு காத்திருப்பான். உப்புப் பார்ப்பது அவன் உத்தியோகம்.

"உப்பு எப்படிடா?"

"ஓகே லா."

"ஓகேன்னா? கூடவா, கொறைவா?"

"போலே லா மா."

போலே என்றால் பரவாயில்லை, சமாளிக்கலாம். அரசாங்க அலுவலகத்தில் ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு ரசம் வைக்க முடியாது. தர்ஷினிதான் தெளிவாகச் சொல்வாள். "நாலு கல்லு கொறையுது. புளி போதும். கொஞ்சம் குலா போடலாம் மா." குலா என்றால் சர்க்கரை.

சர்க்கரை போட்டேன். சாம்பாரில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் அரைக் கரண்டி. முருங்கைக்கீரையில் காய்ந்த நெத்திலி. புளிக்குப் பதிலாக இங்கே கிடைக்கும் புளிப்பு வில்லை. பிள்ளைகளின் நாக்கு எது சரி என்றதோ அதுவே சரி. என் அம்மாவிடமிருந்து கொண்டுவந்த சாம்பார் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடாக்காரியாகிவிட்டது. ஒரு நாள் அவர் சாப்பிட்டுவிட்டு, "இப்பத்தான் லா இந்த வீட்டுச் சாம்பார் வாய்க்கு வருது" என்றார்.

பதினாறு வருஷம் கழித்து. முந்தைய செல்வி அன்று இரவு சாப்பிட்டிருக்க மாட்டாள். நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன். வலிக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இரண்டு பேரும் தங்களுக்குள் மலாயும் ஆங்கிலமும்தான். கூடத்தில் அவர்கள் சிரித்துப் பேசுவது என் தலைக்கு மேலே போய்விடும். அடுப்படியில் மட்டும் என்னிடம் பேசியாக வேண்டும். உப்பு, புளி, போதும், வேணும். தினமும் அரை மணி நேரத் தமிழ். கொஞ்ச நாளில் அவர்களுக்கு அலுத்துவிடும் என்று நினைத்தேன். பள்ளிப் பரீட்சை இருந்தாலும் வந்தார்கள். தர்ஷினி கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த நாளில்கூட வந்து சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள். என் வளர்ப்பு என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

4

என் அப்பா பஸ் கண்டக்டர். பகல் முழுக்கச் சில்லறைக்காகச் சண்டை போடுகிறவர், வீட்டுக்கு வந்தால் வாய் திறக்க மாட்டார். சாப்பாட்டில் குறை சொன்னதே கிடையாது. உப்புக் கூடிப்போனால், "ஒரு செம்புத் தண்ணி குடு" என்பார். அவ்வளவுதான். முதல் செம்பு எப்போதும் இலைக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது செம்பு கேட்டால் உப்புக் கூட என்று அர்த்தம். மூன்றாவது கேட்டால் அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் இலையில் ஒரு பருக்கை மீதி இருக்காது. இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பார்த்துப் பழகாத தாத்தாவைப் பற்றிக் கவிலேஷுக்கு நன்றாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

அப்பா போன சேதி வந்த அன்று என் பாஸ்போர்ட் கையில் இல்லை. பாஸ் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். நான்தான் ஒரு நகலை மாற்றிக் கொண்டுபோய், இன்னொரு முறை வரவேண்டியதாகியிருந்தது. கவுன்டரில் என் மகள் வயதுக்குப் பத்து வயது கூட இருக்கும், ஒரு மலாய்ப் பெண். "பாப்பா சாயா சூடா ஹாபிஸ்" என்றேன். பாப்பா சாயா என்றால் என் அப்பா. ஹாபிஸ் என்றால் தீர்ந்துபோய்விட்டது. பாசாரில் மீன் தீர்ந்தால் மீன்காரர் சொல்லும் வார்த்தை. எனக்குத் தெரிந்த மலாய் எல்லாம் பாசாரில் கற்றது. இறந்தவருக்கு வேறு வார்த்தை உண்டு என்று எனக்குத் தெரியும், அன்று அது வரவில்லை. அந்தப் பெண் ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு புரிந்துகொண்டு, "சபார் யா, காக்" என்றாள். பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா. அவளால் முடிந்த அவசரத்தைக் காட்டினாள். பாஸ்போர்ட் மறுநாள் மத்தியானம் கிடைத்தது. அப்பாவை எடுத்தது அன்று காலையில்.

அண்ணன் போனில் காட்டினான். பந்தலோடு படம் உறைந்து நின்றுவிட்டது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். அழவில்லை. அதற்குச் சில மாதம் கழித்துத்தான் காய்ச்சல் வந்தது. மூக்கு அடைத்தது காய்ச்சலால் என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு அதற்கு முன்பே என்னவோ அடைத்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

5

திதி கொடுப்பது ஊரில் அண்ணன் பொறுப்பு. நான் இங்கே வருஷத்துக்கு ஒரு இலை போடுவேன். இந்த ஊர் வழக்கப்படி, இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டது, விரும்பிக் குடித்தது எல்லாம் வைக்கலாம். என் மாமனார் இலைக்குப் பக்கத்தில் கறுப்பு பீர் இருக்கும். என் அப்பா குடிக்காதவர், அதனால் ஒரு டம்ளர் டீ. அவருக்குப் பிடித்தது கட்டாக் கருவாட்டுக் குழம்பு.

முதல் இரண்டு வருஷமும் கருவாடு வைக்கவில்லை. வீட்டுக்குள் நாறும் என்று தர்ஷினி முகம் சுளித்தாள், நானும் வற்புறுத்தவில்லை. இந்த வருஷம் வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை காலையில் நான்கு பேரும் காடியில், அதாவது காரில், ஏறித் தஞ்சோங் டாவாய்க்குப் போனோம். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்தில் மீனவர் ஊர். படகுத்துறைக்குப் பக்கத்தில் வரிசையாகக் கருவாட்டுக் கடைகள்.

காடியை விட்டு இறங்கியதுமே கவிலேஷ் மூக்கைப் பொத்திக்கொண்டான். "பூசோக் லா மா, எப்படி இங்க நிக்கிறீங்க?" அவர்கூடக் கைக்குட்டையை எடுத்தார். எனக்கு வெயில் மட்டும்தான் தெரிந்தது. என் அப்பா காலமெல்லாம் விரும்பிய வாசனைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன், அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கட்டாவுக்கு இங்கே தாலாங் என்று பெயர். கடைக்கார மலாய் அம்மாள், மாக்சிக் என்று கூப்பிடுவார்கள், ஒரு துண்டை எடுத்துக் காட்டி, இது உப்புக் கூடினது, இரண்டு முறை தண்ணீர் மாற்றி ஊறவையுங்கள் என்றார். நான் துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, நல்ல கருவாடு என்று தலையாட்டினேன். தர்ஷினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

6

படையலுக்குச் செய்வதை யாரும் ருசி பார்க்கக் கூடாது. இது நான் அம்மாவிடமிருந்து கொண்டுவந்தது. முதல் வாய் இறந்தவருக்கு. அப்படியானால் உப்பு எப்படித் தெரியும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கொதி வாசத்துல தெரியும்டி" என்பாள் அம்மா. பிறகு எனக்கும் தெரிந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் படையலுக்கு நான் சமைத்து, ஒரு கல் கூடாமல் குறையாமல் இருந்தது. அந்தப் பெயரும் பாடாங் மேஹாவில் எனக்கு உண்டு.

போன வாரம் படையல் அன்று காலையிலேயே பிள்ளைகள் குளித்துவிட்டு வந்து நின்றார்கள். கவிலேஷ் கரண்டியோடு முக்காலியில் ஏறினான்.

"இன்னைக்குக் கரண்டி வேண்டாம். தாத்தாவுக்கு முன்னால யாரும் வாய் வைக்கக் கூடாது" என்றேன்.

குழம்பு கொதித்தது. கருவாட்டை ஒரு தடவைதான் ஊறவைத்திருந்தேன். ஊரில் அப்படித்தான் செய்வோம். கை தானாகவே உப்பு ஜாடிக்குப் போனது. ஒரு பிடி கல்லுப்பைப் போட்டுவிட்டேன்.

தர்ஷினி வெங்காயக் கத்தியை வைத்தாள்.

"மா, கருவாட்டுலயே உப்பு இருக்குல்ல? அந்தக் கடை மாக்சிக் ரெண்டு தடவ ஊற வைக்கணும்னு சொன்னாங்களே."

"எனக்குத் தெரியும்டி. கொதி வாசத்துலயே எனக்கு உப்புத் தெரியும்."

"உங்களுக்குத்தான் வாசமே வராதேம்மா."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்களுக்குத் தெரியும். நான் செகண்டரி ஸ்கூல் ஃபார்ம் ஒன் போறதுக்கு முன்னாடியே தெரியும்."

கவிலேஷ் முக்காலியிலிருந்து இறங்கினான். "நான்தான் டெஸ்ட் பண்ணேன் மா. உங்க மைலோல உப்புப் போட்டேன். மூணு ஸ்பூன். நீங்க ஃபுல்லா குடிச்சிட்டு, நல்லா இருக்குடா தம்பின்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்ரூம்ல போயி அழுதான்" என்றாள் தர்ஷினி.

"நீயும்தான அழுத."

பிறகு இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பள்ளிக்குப் போகும் முன் கேஸ் மூடியிருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பது கவிலேஷ் வேலையாம். முந்தைய நாள் சோறும் குழம்பும் கெட்டுவிட்டதா என்று பார்ப்பது தர்ஷினி. இரண்டு முறை நான் டப்பாவில் அடைத்துக் கொடுத்த கெட்டுப்போன சாம்பாரைப் பள்ளிக் குப்பைத்தொட்டியில் கொட்டியிருக்கிறாள். அதனால்தான் தினமும் வருகிறார்கள். நான் அவர்களை அடுப்படிக்கு இழுத்து வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"நீங்க சொல்லல. நாங்களும் சொல்லல" என்றாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போட்ட உப்பை எடுக்க முடியாது. கூடத்திலிருந்து அவர், "செல்வி, நேரமாச்சு" என்றார்.

"நான் ஒரே ஒரு சொட்டு பாக்கவா மா? கூட இருந்தா தண்ணி ஊத்தலாம். தாத்தா கோவிக்க மாட்டாரு லா" என்றான் கவிலேஷ்.

கரண்டி அவன் கையில் இருந்தது. சரி என்று சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போகாதவள் நான். வாய்க்கரிசி போடாதவள். முதல் வாய் அவருக்கு என்பது ஒன்றுதான் என் கையில் மிச்சமிருந்தது.

"வேண்டாம்பா. இருக்கிறபடி இருக்கட்டும்."

இலை போட்டோம். சோறு, கருவாட்டுக் குழம்பு, வடை, டீ, ஒரு டம்ளர் தண்ணீர். என் கணவர் சூடம் காட்டினார். கதவைச் சாத்திவிட்டு, அப்பா சாப்பிடட்டும் என்று ஐந்து நிமிஷம் வெளியே நின்றோம். பக்கத்து வீட்டுச் சீனர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், கருவாட்டு வாசனைக்கு மூக்கைத் தேய்த்தபடி எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பிறகு உள்ளே போய் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதல் வாய் போட்டேன். சூடாக இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

கவிலேஷ் எழுந்தான். அடுப்படிக்குப் போய் இன்னொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, என் அப்பா படத்துக்கு முன்னால், முதல் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். கொஞ்சம் யோசித்தான். திரும்பப் போய் மூன்றாவதும் கொண்டுவந்து வைத்தான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏன்டா தாத்தாவுக்கு மூணு தண்ணி?" என்று கேட்டார் என் கணவர்.

பிள்ளைகள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிட மாட்டார்கள். இரண்டு வருஷம் சொல்லாதவர்கள், இன்னும் இருபது வருஷம் சொல்ல மாட்டார்கள்.

"உப்பு ரொம்பக் கூடிப்போச்சுங்க" என்றேன். "எனக்குத் தெரியல. காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்கு ஒரு வாசமும் தெரியல, ருசியும் தெரியல. இவங்க ரெண்டு பேரும்தான் எனக்காகப் பாத்துச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

அவர் கை சோற்றில் நின்றது. என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். மேசையில் இருந்த செண்டுப் பாட்டிலையும் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பிசைந்தார்.

"கவிலேஷ், எனக்கும் ஒரு தண்ணி கொண்டா" என்றார்.

கவிலேஷ் ஜக்கையே தூக்கி வந்து நடுவில் வைத்தான்.